புதுப்பிப்பு: கம்பளி கேட்ட கதை என்ன ஆயிற்று?

கோத்தகிரிப் பக்கம் முப்பது குடும்பமே உள்ள எங்கள் சபை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கம்பளி கொடுக்க என்ன வழி என்று நவம்பரில் இங்கே கேட்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கீத பவனியில் சேரும் காணிக்கையையே ஒதுக்குங்கள் என்றீர்கள். சரி, நாலு இரவு பாடினோம். 46 கம்பளிக்குப் பணம் சேர்ந்தது. வந்ததில் ஒன்பது வெறும் மெல்லிய போர்வை. (பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்தது நான்தான்.) மாற்ற ஒரு வாரம் போயிற்று. அதற்குள் உறைபனி இறங்கி, பள்ளத்துத் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. கொழுந்து இல்லையென்றால் பறிக்கிறவர்களுக்கு வேலையும் குறையும். அதனால் இந்த வருடம் கேக்கை விட்டுவிட்டு அரிசி, பருப்பு வாங்கினோம்.

ஒரு பாட்டி கம்பளியை முகர்ந்து பார்த்து, "புது வாசனை போகட்டும் தம்பி, நாளைக்குப் போர்த்திக்கிறேன்" என்றார். இன்னும் ஐந்து கம்பளிகள் ஆலயத்தில் இருக்கின்றன. பிப்ரவரி வரை குளிர் உண்டு.