தேன்சிட்டைப் படம் எடுக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடிக்குத் தினமும் காலையில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஜோடி வருகிறது. 10 செ.மீ. பறவைதான், ஆண் வெயிலில் திரும்பினால் தொண்டை ஊதாவாக மின்னும், அடுத்த நொடியே கறுத்துவிடும். அந்த மினுக்கம்தான் எனக்குப் படத்தில் வேண்டும்.

கேமரா புதிது, லென்ஸ் 55-250 மி.மீ. ஜூம். செடி நிழலில் இருக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) 3200 தாண்டிப் படம் புள்ளிபுள்ளியாகிறது. 1/250-க்கு இறக்கினால் தலை கலங்கிவிடுகிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டி எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் சரிசெய்யலாமா, வெயில் ஏறும்வரை காத்திருக்கலாமா? ஃபோகஸும் முன்னால் இருக்கும் இலைக்கே போகிறது. ஒரே இடத்தை மட்டும் குறிவைக்கும் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் போதுமா?

பக்கத்து எலுமிச்சைக் கிளையில் கூடு தொங்குகிறது. அதனால் கிட்டே போக மாட்டேன், ஃபிளாஷும் வேண்டாம். ஜன்னலுக்குள் நின்றபடியே எடுக்க வழி சொல்லுங்கள்.