அள்ளிய ஆறே மாதத்தில் ஆகாயத்தாமரை திரும்ப வந்துவிட்டது, என்ன செய்ய?

கண்மாய்க்கரையான்:
மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய். ஊர்ச் சாக்கடை விழுவதால் சித்திரையிலும் வற்றாது. போன மாசியில் வீட்டுக்கு ஐநூறு வசூலித்து, பொக்லைன் வைத்து நான்கு நாள் அள்ளினோம். பசங்க குதித்துக் குளித்தார்கள். ஆவணியில் மடையோரம் பாய் விரித்த மாதிரி ஒரு பச்சை. இப்போது புரட்டாசி, பாதிக் கண்மாய் மூடிவிட்டது. மீன் குத்தகைக்காரர் வலை வீச இடமில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார். வசூல் நோட்டு என் கையில் இருந்த பாவம். களைக்கொல்லி அடித்தால் ஒரே வாரத்தில் கருகும் என்கிறார் உரக்கடைக்காரர். அடிக்கலாமா?

வரத்துக்கால்:
அடிக்காதீர்கள். கருகிய செடி அங்கேயேதான் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். அப்புறம் குத்தகைக்காரர் வெறும் சண்டையோடு விடமாட்டார். சரி, அள்ளியதை எங்கே போட்டீர்கள்?

கண்மாய்க்கரையான்:
கரையின் உள்சரிவில். காயட்டும் என்று.

வரத்துக்கால்:
நினைத்தேன். முதல் வருஷம் நாங்களும் அங்கேதான் கொட்டினோம். மேலே காய்ந்திருக்கும், அடியில் பச்சையாகவே கிடக்கும். ஒரு மழைக்குச் சரிந்து உள்ளே போய்விடும். சாக்கடைச் சத்து கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடி இது. விதை வேறு சேற்றில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் ஒரே தடவையில் ஒழித்தோம் என்ற பேச்சே கிடையாது.

நாங்கள் வரத்துக்கால் வாயில் நைலான் கயிற்றில் காலி எண்ணெய்க் கேன்களைக் கட்டிக் குறுக்கே மிதக்கவிட்டோம். மேலக் கண்மாயிலிருந்து மிதந்து வருவது அங்கேயே தேங்கும், வாரிவிடலாம். அப்புறம் ஞாயிறுதோறும் இரண்டு பேர் கரையைச் சுற்றி வருகிறோம். மடைக்குப் பின்னால், சம்பங்கோரைப் புதருக்குள் குனிந்து பாருங்கள். பொக்லைன் கை எட்டாத இடம் அது. உள்ளங்கை அளவுக் குட்டிச்செடி நாலைந்து ஒளிந்திருக்கும். காம்பில் குமிழ் வைத்திருக்கும், மிதித்தால் டப்பென்று வெடிக்கும். அந்த அளவில் பிடுங்கினால் கையாலேயே முடிந்துவிடும்.

பயிர்ப்படிப்பு:
ஒரு சின்னத் திருத்தம். உங்களுடையது வெங்காயத்தாமரை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சித்த மருத்துவம் சொல்கிற ஆகாயத்தாமரை வேறு. ஊரில் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்கிறோம், விடுங்கள். இதைத் தின்னும் நியோகெட்டினா கூன்வண்டை 1980களிலேயே இந்தியாவில் விட்டார்கள். பெங்களூரு ஏரிகளில் பலன் தெரிந்தது, ஆனால் சில வருஷம் பிடித்தது. ஐப்பசி மழைக்குள் வேண்டும் என்றால் இது உதவாது. அள்ளியதைச் சாணத்தோடு மக்கவிடலாம். சாக்கடையில் சாயப்பட்டறைக் கழிவு கலந்திருந்தால் மட்டும் வயலுக்குப் போடாதீர்கள். வேர் உலோகத்தை உறிஞ்சி வைத்திருக்கும்.

கண்மாய்க்கரையான்:
பட்டறை எதுவும் இல்லை, வீட்டுக் கழிவுதான். காலையில் மடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நாலைந்து இல்லை, எண்ணி முப்பத்திரண்டு. பிடுங்கிக் கரைக்கு வெளியே பாறையில் போட்டிருக்கிறேன். டீக்கடையில் பதினைந்து கேன் சொல்லிவைத்தாயிற்று. சாக்கடையைத் திருப்பச் சொல்லி அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறோம். முதல் கையெழுத்து குத்தகைக்காரர் போட்டிருக்கிறார்.