காசு முழுசா வந்துச்சு, பாடுற அக்காவுக்குக் குரல் போச்சு: சவுண்டு வேலையில புரொஃபஷனல்னா யாரு?

மஞ்சக்குப்பம் மிக்சர் கேட்டது:

வணக்கம். கடலூர், மஞ்சக்குப்பம். பகல்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன். சனி, ஞாயிறு, முகூர்த்த நாள்ல ஒரு லைட் மியூசிக் குழுவுக்கு, மைக் சத்தத்தையெல்லாம் ஏத்தி இறக்குற மிக்சர்ல உட்காருறேன். ரெண்டு வருஷம் ஆச்சு.

போன மாசம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வரவேற்பு. மேடையில ஒன்பது பேர். ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம் பாடுற அக்காவுக்கு முன்னாடி, அவங்க குரல் அவங்களுக்கே கேக்குறதுக்கு வச்சிருந்த மானிட்டர் ஸ்பீக்கர் நின்னு போச்சு. மாத்து கொண்டு போகல. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் என் பக்கத்துலயே நின்னு "பேஸ் பத்தல, ஏத்தும்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஏத்தினேன். அக்கா காதைத் தொட்டுக் காட்டி, தன் குரல் கேக்கலன்னு சைகை பண்ணாங்க. அவங்க மைக்கை ஏத்தினா ஊளை விட்டுது, இறக்கிட்டேன். மூணு மணி நேரம் இப்படியே போச்சு. கடைசிப் பாட்டுல அவங்க குரல் உடைஞ்சிடுச்சு.

கவர் முழுசா வந்துச்சு. வீட்டுக்காரர் கும்பிட்டு அனுப்பினார். வேன்ல அக்கா ஒரு வார்த்தை பேசல. குழு நடத்துற அண்ணன் மட்டும், "நீ பகுதிநேரம்தானே, புரொஃபஷனலா இருந்தா இது நடந்திருக்காது"ன்னார். அந்த வார்த்தை இன்னும் மனசுல நிக்குது.

புரொஃபஷனல்னா யாரு? வேற வேலை பாக்காதவங்களா? கோர்ஸ் முடிச்சவங்களா? காசு குடுக்கிறவர் ஒண்ணு கேக்குறார், பாடுறவங்க ஒண்ணு கேக்குறாங்க. நான் யாருக்கு வேலை பாக்கணும்?

ஓ.டி. மைக்செட் எழுதியது:

தங்கச்சி, நான் 1991ல ஏணி புடிக்கிற பையனா சேந்தவன். இப்போ கடலூர் ஓ.டி.ல, அதான் ஓல்டு டவுன்ல, சொந்தமா மைக்செட் வச்சிருக்கேன். படிச்சது எட்டாவது. கோர்ஸ் பத்தி எனக்குத் தெரியாது. யாருக்கு வேலை பாக்கணும்னு கேட்டே பாரு, அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இருக்கு.

தேவனாம்பட்டினம் மாசி மகம், 95 இல்ல 96. சுத்துப்பட்டு ஊர் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிக்குது. மணல் தெரியாத கூட்டம். கமிட்டி கேட்டபடி கரை நெடுக எட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். அரை மைலுக்குக் கேக்குதுன்னு எனக்குப் பெருமை தாங்கல. மத்தியானம் ஒரு அம்மா ஓடி வந்து, நாலு வயசுப் பொண்ணைக் காணோம்னு அழுதாங்க. மைக்ல சொல்றோம், சொல்றோம், யாரும் வரல. என் முதலாளி கையைப் புடிச்சு என்னைக் கூட்டத்துக்குள்ள இழுத்துக்கிட்டுப் போனார். நடுவுல நின்னு கேட்டா ஒரு வார்த்தை புரியல.

சத்தம் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போகும். தலைக்கு மேல இருக்கிற குழாய் "பச்சைப் பாவாடை"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள, 170 மீட்டர் தள்ளி இருக்கிற குழாயோட சத்தம் அரை நொடி பிந்தி வந்து அது மேல விழும். எட்டுக் குழாய்க்கும் இதே கதை. முதலாளி அஞ்சைக் கழட்டச் சொன்னார். மிச்ச மூணையும் நடுக் கம்பத்துல ஒண்ணாக் கட்டி, மூணு பக்கமா திருப்பினோம். அப்புறம் அவரே மைக்கை வாங்கி ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னார். கால் மணி நேரத்துல ஒரு ஐஸ் வண்டிக்காரர் அந்தப் பொண்ணைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தார்.

காசு குடுத்தது கமிட்டி. நாங்க வேலை பாத்தது அந்த ஐஸ் வண்டிக்காரர் காதுக்கு. அன்னையிலேருந்து எங்க கட்டினாலும், கடைசி ஆள் நிக்கிற இடம் வரைக்கும் நடந்து போய்க் கேட்டுட்டுத்தான் சாப்பிட உக்காருவேன்.

உன் விஷயம். பகுதிநேரம்ங்கிறது ஒரு காரணமே இல்ல. மாத்து இல்லாமப் போனதுதான் தப்பு. அதுல உனக்கும் பங்கு இருக்கு, குழு நடத்துறவருக்கும் பங்கு இருக்கு. நாம கடலோரத்துல தொழில் பண்றோம். உப்புக்காத்து ஒயர் முனையில இருக்கிற ஜாக்குக்குள்ள போய் பச்சையாக் களிம்பு கட்டும். வியாழக்கிழமை ஆனா நான் எல்லா ஒயரையும் மல்டிமீட்டர் வச்சுப் பாத்துடுவேன். பொட்டில ஃபியூஸ், ரெண்டு மாத்து ஒயர், ஒரு மைக், ஈயம், பத்தவைக்கிற கோல், டார்ச் எப்பவும் இருக்கும். நின்னது மானிட்டரா, அதுக்குப் போற ஒயரான்னு பாத்தியா? என் அனுபவத்துல பாதிக்கு மேல ஒயராத்தான் இருக்கும்.

காசு பத்தியும் சொல்லிடுறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். ஊரே இருட்டுல கிடந்தது. பேட்டரில ஓடுற ஆம்ப்ளிய ஆட்டோல கட்டிக்கிட்டு, தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு வருதுன்னு சொல்லிக்கிட்டே சுத்தினேன். யாரும் தரல, நானும் கேக்கல. கல்யாண வேலைய எப்படிச் செய்வேனோ அப்படித்தான் செஞ்சேன். அதுக்காக எல்லாத்தையும் ஓசியில செய்யாதே. சொந்தக்காரன் வீட்டுக் காதுகுத்துன்னாலும் வண்டி வாடகையாவது வாங்கு.

வில்லியனூர் குரல் எழுதியது:

பதினெட்டு வருடமாக மேடையில் பாடுகிறேன். பகலில் பள்ளிக்கூட வேலை. அதனால் "பகுதிநேரம்" என்று யாரையும் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பாடகிக்கு நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சுற்றிலும் சத்தம் கூடித் தன் குரல் காதுக்கு வராமல் போனால், மனிதர்கள் தம்மையறியாமலே குரலை உயர்த்துவார்கள். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை எழுதி வைத்தார். பயிற்சி இருந்தால் ஓரளவு அடக்கலாம், ஆனாலும் உடம்பு தானாகவே செய்யப் பார்க்கும். மூன்று மணி நேரம் அந்தப் பெண் உங்கள் பேஸோடு மல்லுக்கட்டியிருக்கிறார். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. இரண்டு வாரம் வகுப்பில் வாய் திறக்காமல் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன்.

உங்கள் காதையும் பாருங்கள். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணிதான். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் அதைத் தாண்டுவது சாதாரணம்.

ஓ.டி. அண்ணனிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி ஆளைத் தேடிப் போவதற்கு முன்னால், மேடையில் நிற்பவருக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். அவருக்குக் கேட்டால்தான் கடைசி ஆளுக்குப் பாட்டு போகும். ஒரு பாட்டு முடிந்ததும் "ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று நிறுத்தியிருக்கலாம், தங்கையே. வீட்டுக்காரர் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். எனக்காக அப்படி நிறுத்தியவர்கள் மொத்தம் இரண்டு பேர். இருவர் முகமும் நினைவிருக்கிறது.

வேனில் அவர் பேசாததைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குரல் போன இரவில் நாங்கள் பேச மாட்டோம். போன் செய்யாதீர்கள், எழுதி அனுப்புங்கள்.

அரியாங்குப்பம் கீபோர்டு எழுதியது:

பேஸ் கேட்டவர் மேல தப்பில்ல. அவருக்கு நெஞ்சுல இடிக்கணும், அது அவர் வீட்டுச் சந்தோஷம். பேஸ் பொட்டிய மேடையை ஒட்டி வைக்காம, ஆடுற பசங்க பக்கம் தரையில முன்னாடி தள்ளி வைங்க. மிக்சர்ல குரல் மைக் எல்லாத்துக்கும் லோ கட் பட்டனை (அடிச் சத்தத்தை வெட்டுற பட்டன்) அழுத்திடுங்க, மேடையில உருமுற பேஸ் மைக் வழியாத் திரும்ப உள்ள வராது. நம்ம பக்கம் சாதாரணமா இருக்கிற பாட்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். மானிட்டரை அந்தப் பின்பக்கத்துக்கு நேரா வச்சா, ஊளை வர்றதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்.

மஞ்சக்குப்பம் மிக்சர் எழுதியது:

ஒயர்தான் அண்ணா. நேத்து ராத்திரி ஜாக்கைத் திறந்தேன். உள்ள பச்சையா இருந்துச்சு, ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. மாத்து ஒயர் ஒண்ணு கையில இருந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வில்லியனூர் அக்கா, நீங்க சொன்னபடி நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். ஒயர் படத்தையும் வச்சேன். காலையில பதில் வந்துச்சு: "சிதம்பரம் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வா. என் மானிட்டரை நான் கேட்டுப் பாத்த பிறகுதான் மத்ததெல்லாம்."

ஓ.டி. அண்ணா, எனக்குப் பத்தவைக்கத் தெரியாது. ஞாயித்துக்கிழமை வந்தா கத்துத் தருவீங்களா?

ஓ.டி. மைக்செட் எழுதியது:

வாம்மா. பத்து மணிக்குள்ள வந்துடு, அப்புறம் குழாய் கட்டப் போயிடுவேன். அந்த ஒயரை எடுத்துட்டு வா, அதுலயே ஆரம்பிக்கலாம்.