டச்பே மேடையில் யார் விருந்தாளி? திருகோணமலையின் உலக இசை மாலைகள் பற்றி ஒரு விவாதம்

உவர்மலை வாசகன்:

ஊரவர்களுக்கு வணக்கம். வருகிற சுற்றுலாப் பருவத்தில், ஆவணி பிறப்பதற்கு முன்பாக, டச்பே கடற்கரையில் மூன்று மாலைகள் உலக இசைக் கச்சேரிகளை நடத்த நண்பர்கள் சிலர் சேர்ந்து முயல்கிறோம். மேற்கு ஆபிரிக்காவின் மாலியிலிருந்து கோரா என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர் ஒருவர், நோர்வேயின் ஹார்டாங்கர் பிடில் கலைஞர் ஒருவர், கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாடல் பாடும் குழு ஒன்று என்பது இப்போதைய எண்ணம். எவருடனும் இன்னும் பேசி முடிக்கவில்லை; அதனால்தான் முன்கூட்டியே உங்கள் கருத்தைக் கேட்கிறேன். நுழைவுக் கட்டணம் இராது. தொடக்கத்தில் உள்ளூர்க் கலைஞர்களின் மங்கல இசையும் உண்டு.

நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிற வெளிநாட்டார் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நம் பிள்ளைகளோ வெளியுலகின் இசையைக் கைப்பேசியின் சன்னமான ஒலியில் மட்டுமே அறிந்திருக்கிறார்கள். ஹார்டாங்கர் பிடிலில் வில் படும் தந்திகளுக்குக் கீழே வில் படாத தந்திகளும் ஓடுகின்றன. மேலே வாசிக்க வாசிக்க அவை தாமாகவே அதிர்ந்து ரீங்கரிக்கும். வயலின் பழகும் நம் மாணவி ஒருத்தி அந்த ரீங்காரத்தைப் பத்தடி தூரத்திலிருந்து ஒரு முறை கேட்டுவிட்டால், தன் வாத்தியத்தைப் பற்றி அவள் நினைப்பதே மாறிவிடும் என்று நம்புகிறேன். யாழ்ப்பாணத்தில் 2011இலும் காலியில் 2012இலும் நோர்வேயின் ஆதரவுடன் இசை விழாக்கள் நடந்தன. நம் கடற்கரைக்கு அந்தத் தகுதி இல்லையா?

தவில்காரன் மகன்:

ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன்; திட்டத்தை எதிர்க்கிறேன். 'உலக இசை' என்பது இசையின் பெயரன்று, கடைத் தட்டின் பெயர். 1987இல் இலண்டனில் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடி, கடைகளில் எங்கே வைப்பதென்று தெரியாமல் கிடந்த ஆபிரிக்க, ஆசிய, இலத்தீன் அமெரிக்க இசைத்தட்டுகளுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று இதைத் தெரிந்தெடுத்தார்கள். அமெரிக்காவின் கிராமி இசை விருதுக்காரரே 2020இல் இந்தப் பெயரைக் காலனித்துவ வாடை வீசுவதாகச் சொல்லிக் கைவிட்டார்கள். அவர்கள் கழித்ததை நாம் ஏன் பதாகையில் எழுத வேண்டும்?

பெயரை விடுங்கள். என்னை வருத்துவது உங்கள் பதிவின் ஒரே ஒரு வரி: 'தொடக்கத்தில் மங்கல இசை.' சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விழாவுக்கு என் தந்தையாரை அழைத்திருந்தார்கள். அதிதிகள் வந்து அமரும் வரை வாசித்தார். அவர்கள் அமர்ந்ததும், தனி ஆவர்த்தனத்தின் நடுவே ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். பிறகு மேடையேறிய வெளிநாட்டுக் குழுவுக்கு ஒன்றரை மணி நேரம். அவருக்குக் கிடைத்தது போக்குவரத்துச் செலவும் ஒரு சால்வையும். அன்று வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாலைகளிலும் இதையே திரும்பச் செய்வதற்கு ஊர் மக்களின் ஆதரவைக் கேட்காதீர்கள்.

உவர்மலை வாசகன்:

தம்பி, உங்கள் தந்தையாருக்கு நேர்ந்தது அவமதிப்பு. அந்த வரியை யோசியாமல் எழுதிவிட்டேன், அதை எடுத்துவிடுகிறேன்.

ஆனால் பெயரின் வரலாறு நீங்கள் சொல்வதற்கும் முந்தியது. மிருதங்கத்தையே தம் ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்ட அமெரிக்க இசையியலாளர் ராபர்ட் பிரவுன், 1960களில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பிற நாட்டு வித்துவான்களிடமே நேரில் அமர்ந்து கற்க வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அங்கே கற்பித்தவர்களுள் மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதனும் ஒருவர். கடைத் தட்டுக்கு முன்னர் அது வகுப்பறைச் சொல்லாகத்தான் இருந்தது.

கலப்பினால் நம் இசை அழிந்துவிடும் என்று சிலர் அஞ்சுவதற்கும் இந்தத் தீவிலேயே மறுமொழி உண்டு. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அவருடைய பிள்ளைகளான எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் சிறுவயதில் இங்கே வளர்ந்தவர்கள். அந்தச் சங்கர்தான் 1970களில் ஜாஸ் கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லாஃப்லின், தபலா கலைஞர் சாகிர் உசேன், கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி என்ற கலப்பிசைக் குழுவில் வாசித்தார். அவர்கள் எவரும் தம் இசையைத் தொலைத்துவிடவில்லை.

கோராவை நான் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தோல் போர்த்திய பெரிய சுரைக்குடுக்கையில் நீண்ட தண்டைச் செருகி, 21 நரம்புகள் கட்டிய வாத்தியம் அது. நம் பழந்தமிழ்ப் பேரியாழுக்கும் 21 நரம்புகள். அதற்கும் பத்தர் என்ற ஒலிக்கூடு, அதன்மேல் தோல் போர்வை. 1947இல் யாழ் நூலை அரங்கேற்றிய சுவாமி விபுலாநந்தர் நம் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அழிந்த யாழை ஏட்டுச் சான்றுகளிலிருந்து மீட்க அவர் ஆண்டுக்கணக்காக உழைத்த வரலாற்றைப் படித்த இந்த ஊர்ப் பிள்ளைகள், அதன் உறவுக்கார வாத்தியம் ஒன்று உயிரோடு ஒலிப்பதைக் கேட்க வேண்டாமா?

பாலையூற்றுப் பேத்தி:

இருவரும் 'நம் இசை', 'வெளி இசை' என்று கோடு போடுகிறீர்கள். அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நான் நிற்கிறேன்? நாங்கள் போர்த்துக்கேயப் பறங்கியர். என் அம்மம்மா தமிழில் சமைப்பார், எங்கள் போர்த்துக்கேயக் கிரியோலில் செபிப்பார். கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா எழும்பும்போது முழங்கால் வலியை மறந்து ஆடுவார். அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஆபிரிக்கரைக் குறிக்கும் காப்பிரி என்ற சொல் இருக்கிறது; போர்த்துக்கேயர் காலத்தில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் தாளம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் முழுதும் பாடுகிற பைலாவுக்கும் அதுவே ஒரு வேர்.

அண்ணா, மாலியிலிருந்து ஆபிரிக்க இசையை அழைத்துவருவதை நான் மனமார வரவேற்கிறேன். அதே ஆபிரிக்கா பல தலைமுறைகளாகப் பாலையூற்றில் ஒலிக்கிறது என்பது உங்கள் பட்டியலில் இல்லையே என்பதுதான் என் குறை. எங்களை அழைத்தால், பழைய உடுப்பு அணியச் சொல்லிக் காட்சிப் பொருளாக நிறுத்த வேண்டாம். மொழியை மறந்துகொண்டிருக்கும் எங்கள் இளையோருக்குப் பாட்டின் சொற்களைத் திருப்பிக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் தாருங்கள்.

கிண்ணியா மாணவன்:

கவ்வாலியைப் பற்றி ஒரு சொல். நுஸ்ரத் ஃபதே அலி கான் 1985இல் இங்கிலாந்தின் வோமாட் என்ற உலக இசை விழாவில் பாடியபோது, மொழி அறியாத கூட்டம் அவருடன் சேர்ந்து சென்றது என்பதைப் படித்திருக்கிறேன். எனவே அந்தக் குழு வருவதில் மறுப்பில்லை. ஆனால் நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்கு எழுப்ப றபான் என்ற கைப்பறையைத் தட்டிப் பைத் என்ற பக்திப் பாடல்களைப் பாடி வருகிற சூஃபி துறவிகளான பக்கீர் பாவாமாரை என் தலைமுறை ஒரு முதியவரின் குரலாக மட்டுமே அறிந்திருக்கிறது. கவ்வாலிக்குப் பக்கத்தில் அவர்களை அமர்த்துங்கள். யார் யாருக்குப் பின் என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும். இன்னொன்று: மஃரிபு, இஷா தொழுகைகளுக்கு இடையில் தொடங்காதீர்கள். இஷா முடிந்து எட்டேகாலுக்குத் தொடங்கினால் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள்.

கோட்டைவாசல்:

இடமே தவறு என்பது என் நிலைப்பாடு. பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்கள் அந்திக்குப் பின் கடற்கரைப் புல்வெளிக்கு வருகின்றன. கூட்டம் விட்டுப்போகிற பொலித்தீனைத் தின்று அவை படும் பாட்டை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் விதித்திருப்பதையும் நினைவூட்டுகிறேன். எட்டேகாலுக்குத் தொடங்கினால் ஒன்றேமுக்கால் மணி நேரம்தான் மிஞ்சும். அதற்குள் எத்தனை குழுக்களை அடக்குவீர்கள்? மண்டபம் ஒன்றை எடுங்கள்.

திறந்தவெளிதான் என்று பிடிவாதமாக இருந்தால், காற்றையாவது கவனியுங்கள். ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மேடையைக் கடலோரம் போட்டு ஒலிபெருக்கிகளை ஊரை நோக்கித் திருப்பினால், எதிர்க்காற்றில் ஒலி மேலே வளைந்து போய்விடும். பின்வரிசைக்குக் கேட்காது, கேட்கவில்லை என்று ஒலியை இன்னும் கூட்டுவார்கள். மேடையின் முதுகு ஊரைப் பார்க்கட்டும், மக்கள் மேடைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கட்டும். காற்றே ஒலியைச் சுமந்து செல்லும், மான்களுக்கும் குறைந்த தொல்லை.

உவர்மலை வாசகன்:

மேடைத் திசையைப் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் எவருக்கும் தோன்றவில்லை; அப்படியே மாற்றுகிறோம். மண்டபத்துக்கு மட்டும் உடன்பட மாட்டேன். வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூசுகிற மக்கள்தான் எனக்கு முக்கியம். மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற பெண் கூடையை இறக்கி வைத்துக் கேட்க வேண்டும். ஒரு மாலைக்கு இரண்டு குழுக்கள் மட்டும், ஒன்று இங்கிருந்து, ஒன்று வெளியிலிருந்து, சம நேரம் என்று குறைத்துக்கொள்கிறோம். கோராவுடன் பாலையூற்று, கவ்வாலியுடன் பக்கீர் பாவாமார், ஹார்டாங்கர் பிடிலுடன் தவிலும் நாதஸ்வரமும்.

தவில்காரன் மகன்:

இப்போதுதான் பேச இடம் கிடைக்கிறது. ஆனாலும் யாழையும் கோராவையும் உறவாக்கிப் பேசியபோது நீங்கள் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள், ஐயா. கோரா வாசிக்கும் ஜெலிகள் பிறப்பால் வகுக்கப்பட்ட குலத்தினர். தந்தையிடமிருந்து மகனுக்கு அந்தக் கலை இறங்குகிறது. இங்கும் அப்படித்தான் இறங்கியது. இறங்கியபோது சாதியும் கூடவே இறங்கியது. பறை அடித்தவரின் பிள்ளைகள் அதைக் கையால் தொட மறுப்பது இரசனைக் குறைவால் அன்று. அந்தத் தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றும்போதெல்லாம் அவர்களின் தந்தையர் எங்கே நிற்க வைக்கப்பட்டார்கள் என்பதை அவர்கள் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். உங்கள் புதிய பட்டியலில் தவில் வந்துவிட்டது. பறை இன்னும் வரவில்லை.

நேரத்தைச் சமமாக்கினீர்கள், ஊதியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டவருக்கு விமானச் செலவு தனியாக ஆகும் என்பதை ஏற்கிறேன். மேடைக்கான தொகை ஒன்றாக இருக்க வேண்டும். நுழைவு இலவசம் என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் இலவச விழாக்களில் பணம் போதாதபோது முதலில் குறைக்கப்படுவது உள்ளூர்க் கலைஞரின் பங்கு என்பதை நான் வீட்டிலிருந்தே அறிவேன். கட்டணம் வையுங்கள் அல்லது கொடையாளரைத் தேடுங்கள்.

உவர்மலை வாசகன்:

கட்டணம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கூடையோடு நிற்கிற அந்தப் பெண் நுழைவுச்சீட்டு வாங்க மாட்டாள். முன்வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் கட்டணமும், மணலில் அமர்வோருக்கு இலவசமும் என்று வைத்தால் சரிவருமா? பறையை விட்டது என் தவறு. மூதூர்ப் பக்கம் யாரைக் கேட்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

தவில்காரன் மகன்:

முன்வரிசை நாற்காலி என்றால் மறுபடியும் அதிதிகள்தான் வருவார்கள். நாற்காலிகளைப் பின்னால் போடுங்கள், மணல் முன்னால் இருக்கட்டும். கட்டணம் அப்போது எனக்கு உடன்பாடு. பறைக்கு நானே போய்க் கேட்கிறேன். போகும்போது கையில் ஊதியத் தொகை எழுதிய தாள் இருக்க வேண்டும். அதை நீங்கள் தந்த பிறகு புறப்படுகிறேன்.