ரெயின் செக்கும் சோளகக் காலமும்

மீள்குடியேற்றம் நடந்த நேரம், 2010, 2011 அளவில், கிளிநொச்சியில் கிணறு, வீட்டுத்திட்டம் என்று வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எங்களில் அனேகம் பேருக்கு ஆங்கிலம் வரும், அறிக்கை எழுதுவோம், கடிதம் எழுதுவோம், ஆனால் வெளிநாட்டுக்காரர் தங்களுக்குள் கதைக்கிற மாதிரி எங்களோடும் கதைக்கத் தொடங்கினால்தான் சிக்கல். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்லாக இருக்கும், சேர்ந்து மரபுத்தொடராக வரும்போது பிடிபடாது.

கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க ஒரு 'போல்பார்க் ஃபிகர்' தரச்சொல்லி எங்கள் களப்பொறுப்பாளர் அண்ணைக்கு மின்னஞ்சல் வந்தது. அவர் கவனமான மனிசன். பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தையும் திட்டத்தில் சேர்க்கப்போகிறார்களாக்கும் என்று நினைத்து, வெயிலுக்குள் நாடாவைப் பிடித்து நீளம் அகலம் அளந்து, படமும் கீறி அனுப்பிவிட்டார். கேட்டது அண்ணளவான செலவு, அவ்வளவுதான்.

அப்புறம் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற ஓகஸ்ட் மாதம் ஒருநாள், கூட வேலை செய்த அக்கா ஒரு அமெரிக்கப் பிள்ளையை ஒடியற்கூழ் குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டா. பிள்ளை சிரித்துக்கொண்டு 'ரெயின் செக்' எடுக்கிறேன் என்றது. அக்கா உடனே, "மழையோ? இது சோளகம் அடிக்கிற காலம் பிள்ளை, ஐப்பசி வரைக்கும் மழை வராது, பயப்படாமல் வாங்கோ" என்றா. பிள்ளை சொன்னது, இன்றைக்கு ஏலாது, இன்னொரு நாள் கட்டாயம் வருகிறேன் என்று. அமெரிக்காவில் 1880களில் மழையால் பேஸ்போல் ஆட்டம் நின்றால், பார்க்க வந்தவர்கள் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த துண்டுச்சீட்டுக்குப் பெயர்தான் ரெயின் செக். போல்பார்க்கும் அந்த விளையாட்டு நடக்கிற இடம்தான்.

இதில் எனக்குத் தெளிவாகத் தெரிகிற விஷயம் ஒன்று. கிரிக்கெட்டில் இருந்து வந்த தொடர்களை எங்கள் பெடியள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். 'ஸ்ரிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலைமை. மழை பெய்து அரைகுறையாகக் காய்ந்த தரையில் பந்து ஒன்று எழும்பும், ஒன்று காலடியில் வழுக்கிக்கொண்டு போகும், மாரியில் விளையாடின பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 'ஓஃப் யுவர் ஓன் பற்' (off your own bat) என்றால் யாரும் சொல்லாமல் தானாகச் செய்வது, அதுவும் அப்படியே பிடிபட்டுவிடும். பேஸ்போலை நாங்கள் கண்டதில்லை, பிறகு எப்படி விளங்கும்? பாடப்புத்தகத்தில் தொடரையும் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாடமாக்கச் சொல்வதைவிட, அது எந்த ஊர், எந்த விளையாட்டு என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மறக்காது.

யார் சொல்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு விஷயத்தை 'ரேபிள்' (table) பண்ணுவோம் என்று பிரித்தானியர் சொன்னால் இப்போதே பேசுவோம் என்று கருத்து, அமெரிக்கர் சொன்னால் ஒத்திவைப்போம் என்று கருத்து. இரண்டாம் உலகப்போரில் இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் வாக்குவாதப்பட்டதை வின்ஸ்ரன் சேர்ச்சிலே எழுதியிருக்கிறார். எங்கள் கூட்டங்களில் இரண்டு நாட்டாரும் இருப்பார்கள். அதனால் அந்தச் சொல் வந்தால், "இன்றைக்கோ, பிறகோ?" என்று நான் நேரடியாகவே கேட்டுவிடுவேன், ஒருவரும் குறையாக எடுத்ததில்லை.

முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் இப்படி வேலை செய்தவர்கள் இருந்தால், உங்களுக்குப் பிடிபடாமல் போன தொடர்களையும் எழுதுங்கோ, ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.