முதல் நாள் செய்தியில் நான் எழுதாமல் விட்டது

ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபராகப் பல ஆண்டுகள் கிராமங்களைச் சுற்றியவன் நான். ஆளில்லா ரயில்வே கேட் ஒன்றில் நடந்த விபத்தைப் பற்றி அன்று நான் அனுப்பிய செய்தி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கரும்பு வெட்டப் போன டிராக்டர் மீது பாசஞ்சர் ரயில் மோதியதில் டிரைவரும் ஒரு பெண்ணும் இறந்துபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஜல்லிக் கற்களுக்கு நடுவே மூடி கழன்ற தூக்குச்சட்டி ஒன்று கிடந்தது. சிதறிய பழைய சோற்றில் எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது. மதியத்துக்குள் செய்தி போயாக வேண்டும் என்பதால், அங்கிருந்த காவலர் சொன்னதையே எழுதினேன்: ரயில் வருவதைக் கவனிக்காமல் டிரைவர் அஜாக்கிரதையாகக் கடக்க முயன்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது டிரைவரின் அண்ணன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “சார், ஒரு தடவை வந்து பாருங்க” என்று மட்டும் சொல்லி, இன்னொரு டிராக்டரின் மட்கார்டில் என்னை உட்காரவைத்து அதே வழியில் ஓட்டிப் போனார். தண்டவாளம் வயல்மட்டத்துக்கு மேலே ஆள் உயரத்தில் இருந்தது. அந்த ஏற்றத்தில் பாரவண்டியை நிறுத்தினால் பின்னுக்கு உருளும். இருபுறமும் சீமைக் கருவேலம் அடர்ந்து நின்றதால், முன்சக்கரம் தண்டவாளத்தைத் தொடும்வரை இடப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. இத்தகைய கேட்டில் வண்டியை நிறுத்தி, உடன் வருபவர் இறங்கிப் பார்க்க வேண்டும், எவரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 131வது பிரிவு சொல்கிறது. அன்று யாரும் இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தைப் பற்றியோ கருவேலத்தைப் பற்றியோ என் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. பிறகு எழுதி அனுப்பியது அச்சேறவும் இல்லை.

அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டுவிட்டன. ஆனால் 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று மாணவர்கள் இறந்தபோது, செய்தி பழைய தடத்திலேயே ஓடியதைக் கண்டேன். முதலில் வேன் டிரைவர்தான் கேட்டைத் திறக்கச் சொன்னார் என்றார்கள்; அன்றைக்குள்ளேயே பழி கேட் கீப்பர் மீது திரும்பியது; அப்புறம் அவருக்குத் தமிழ் தெரியுமா என்பது விவாதமாயிற்று. அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட் என்பதை விளக்கியவர்கள் குறைவு. இன்டர்லாக்கிங் இருந்தால் கேட்டை மூடிப் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை சிக்னல் கிடைக்காது. இல்லாத இடத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் சொல்ல, மூடிவிட்டதற்கு அடையாளமாகக் கேட் கீப்பர் ஓர் எண்ணைச் சொல்ல, அந்தப் பேச்சை நம்பித்தான் ரயில் வருகிறது.

எந்தக் கேட்டுக்கு அந்த வசதி என்பது, ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. 20,000 ஆக இருந்த அந்த வரம்பு செம்மங்குப்பத்துக்குப் பிறகுதான் 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. 15 ரயில், 500 வண்டி என்றால் 7,500தான் வரும். பிள்ளைகள் நிறைந்த வேனும் அந்தக் கணக்கில் ஒரு வண்டியே.

இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வைத்த காகிதங்களில் என் செய்தியின் நறுக்கும் இருந்ததாக, நெடுநாள் கழித்து அந்த அண்ணன் சொன்னார். ‘அஜாக்கிரதை’ என்ற சொல்லுக்கு அடியில் யாரோ சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்களாம்.