பகிர்வுச் சைக்கிள் பதிவை வைத்து ஆட்களின் விருப்பத்தைச் சொல்லலாமா?

கொக்குவிலான்:
யாழ்ப்பாணத்தில் பகிர்வுச் சைக்கிள், அதாவது ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விடும் வாடகைச் சைக்கிள், வந்தால் நிலையங்களை எங்கே போடுவது என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 2013இல் தொடங்கிய நியூயோர்க்கின் பகிர்வுச் சைக்கிள் சேவையான சிட்டி பைக் ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவையும் பொதுவில் விடுகிறது. எங்கே எப்போது எடுத்தார், எங்கே எப்போது விட்டார், உறுப்பினரா இல்லையா. இதிலேயே நிறையத் தெரியும். வேலைநாளில் காலையும் மாலையும் இரண்டு உச்சம், சனி ஞாயிறில் மத்தியானத்தை ஒட்டி ஒரே மேடு. உறுப்பினர் விறுவிறென்று போய் விட்டுவிடுவார். மற்றவர் பூங்காப் பக்கம் எடுத்து நெடுநேரம் சுற்றுவார். யாரையும் கேட்காமலே வேலைக்குப் போகிறவரையும் ஊர் பார்க்க வந்தவரையும் ஓரளவு பிரித்துவிடலாம்.

பண்ணைக்காற்று:
பிரிக்கலாம் அண்ணை, சரி. ஆனால் அது நடந்த பயணம். நடக்காமல் போனது எங்கே? காலை எட்டரைக்கு நிலையம் வெறுமையாக இருந்தால் வந்தவர் திரும்பிப் போவார், பதிவில் பூச்சியம் விழும். கணக்குப் பார்ப்பவர் "இங்கே ஆளில்லை" என்பார். போகிற இடம் நிறைந்திருந்தால் அடுத்த நிலையத்தில் விடுவார். அதையும் அவருடைய விருப்பம் என்றே எழுதுவீர்கள்.

கொக்குவிலான்:
எந்த நிலையத்தில் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்பதும் உடனுக்குடன் வெளியாகிறதே. வெறுமையாக இருந்த நேரத்தைக் கழித்து, மிச்ச நேரத்தில் எடுத்த வேகத்தைப் பார்த்தால் தேவை தெரியும்.

பரமேஸ்வராச் சந்தி:
இரண்டு பேரும் நியூயோர்க்கிலேயே நிற்கிறீர்கள். இங்கே பள்ளி விட்டதும் வெள்ளைச் சட்டையோடு போகும் பிள்ளைகளைப் பாருங்கள். கரியரில் புத்தகப் பை, ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல். ஒரு ரியூட்டறியில் தனியார் வகுப்பு, அங்கிருந்து இன்னொன்று, இருட்டிய பிறகுதான் வீடு. பதிவில் இது தனித்தனி ஓட்டங்களாக விழும். ஒரே பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொக்குவிலான்:
ஆளுக்கு ஓர் எண் கொடுத்தால் இணைக்கலாம்.

பண்ணைக்காற்று:
அங்கேதான் வில்லங்கம். எண் இருந்தால் பெயர் வேண்டாம். காலையில் முதலில் எங்கே எடுக்கிறார், இரவில் கடைசியாக எங்கே விடுகிறார் என்பதே வீட்டைக் காட்டிக்கொடுக்கும். சிட்டி பைக் பதிவில் முன்பு பிறந்த ஆண்டும் ஆணா பெண்ணா என்பதும் இருந்தன, பிறகு எடுத்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைகளில் யாருடைய மகள் எத்தனை மணிக்கு எங்கிருந்து வந்தாள் என்று கோப்பைத் திறந்தே சொல்லிவிடுவார்கள்.

கொக்குவிலான்:
எண்ணை அடிக்கடி மாற்றலாம், நேரத்தை அரை மணிக் கணக்காகக் குறுக்கலாம்.

பரமேஸ்வராச் சந்தி:
மாற்றுங்கள். பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு என்ன செய்வீர்கள்? 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி அடைப்பு. சைக்கிள் தடுப்போடு நிற்கும், மிச்சம் நடை. உங்கள் பதிவில் சனம் முழுக்கத் தடுப்படிக்கே விரும்பி வந்ததாக இருக்கும், கோயில் இருக்காது. அந்த நாட்களில் பக்கத்து வளவுகளில் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் போட்டுத் துண்டு கொடுப்பார்களே, அந்தத் துண்டுகளை முதலில் எண்ணுங்கள்.

கொக்குவிலான்:
துண்டில் எங்கிருந்து வந்தார் என்று இருக்காதே.

பரமேஸ்வராச் சந்தி:
துண்டு கொடுக்கும்போதே கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.